ஜன்னல் பட்டிகளும் வருஷாந்தர ஆவேசமும்

நமது வீடுகளில் சுத்தம் செய்வது என்பது, தரைக்கும் பாத்திரத்துக்கும் நித்திய கர்மமாகவும், மற்றவற்றுக்கெல்லாம் நைமித்திக கர்மமாகவும் வெகுகாலமாக இருந்து வருகிறது. வாசல் தெளிக்காமல் பொழுது விடிவதில்லை. அடுக்களை மேடையைத் துடைக்காமல் இரவில் விளக்கு அணைவதில்லை. ஆனால் மின்விசிறி, பரண், நிலைப்படியின் மேல்விளிம்பு, ஜன்னல் முதலிய, கண்ணுக்கு எதிரே இருந்தும் கைக்கு அகப்படாத வஸ்துக்கள் யாவும், ஆயுத பூஜையோ போகியோ வரும்வரை தூசியைச் சுமந்துகொண்டு காத்திருக்க வேண்டியவையாகவே இருக்கின்றன. அந்த நாள் வந்துவிட்டாலோ, பதினோரு மாதத்து உதாசீனத்துக்கு ஒரே பகலில் பிராயச்சித்தம் செய்துவிடும் உத்தேசத்துடன், வாளி வாளியாகத் தண்ணீரும் கை நிறையச் சோப்புத் தூளும் தேங்காய் நாருமாக வீட்டார் அனைவரும் கிளம்பிவிடுகிறார்கள். இரும்புக் கம்பிக்கும் கண்ணாடிக்கும் இந்த ஆவேசத்தால் பிரமாதமான கெடுதல் ஒன்றும் நேர்ந்துவிடுவதில்லை. மரத்துக்கு நேருகிறது. அதிலும், சில மில்லிமீட்டருக்கு மேல் கனமில்லாத மெல்லிய மரப்பட்டிகளைக் கோத்துத் தொங்கவிட்டிருக்கும் ஜன்னல் திரைகளுக்கும், பழைய வீடுகளில் சாய்பலகைகள் வைத்துச் செய்த ஜன்னற்கதவுகளுக்கும், தூசியினால் வந்த நஷ்டத்தைக் காட்டிலும் அந்தத் தூசியைப் போக்குவதற்காக நாம் எடுத்துக்கொள்ளும் பிரயாசையினால் வந்த நஷ்டமே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

கடைக்காரர்களும் அவர்களைப் பின்பற்றி வாங்குகிறவர்களும் ‘பிளைண்ட்ஸ்’ என்று சொல்கிற இந்த மரப்பட்டித் திரை, சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் துணித்திரையின் ஸ்தானத்தைச் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டு வருகிறது. அதன் அமைப்பு சிக்கலானதன்று. மேலே ஒரு பெட்டிச் சட்டம். அதிலிருந்து இறங்கும் ஏணிக் கயிறுகள். ஒவ்வொரு படியிலும் ஒரு பட்டி. பட்டிகளைச் சாய்ப்பதற்கு ஒரு கோல். எல்லாவற்றையும் சேர்த்து மேலே தூக்குவதற்கு வேறொரு கயிறு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் 1767-ஆம் ஆண்டிலேயே இதற்கு விளம்பரம் வெளிவந்தது. 1769-இல் லண்டனில் காப்புரிமை பதிவாயிற்று. ஆகவே, புது நாகரிகம் என்று நாம் கருதிக்கொண்டிருக்கும் இந்தப் பண்டத்துக்கு இரண்டரை நூற்றாண்டு வயதாகிவிட்டது. ஆனால், இதே தத்துவத்தைக் கட்டிடத்தின் அங்கமாகவே கொண்ட சாய்பலகை ஜன்னல்களை, அதாவது ஒரு சட்டத்துக்குள் பலகைகளை வரிசையாகச் சாய்த்துப் பொருத்தி, நடுவே ஒரு செங்குத்துக் கோலினால் அவற்றையெல்லாம் ஒருசேரத் திறக்கவும் மூடவும் செய்த ஜன்னல்களை, புதுச்சேரியின் துய்மா வீதியிலும் ரோமன் ரோலன் வீதியிலும் நடந்து போகிற எவரும் இன்றும் காணலாம். சென்னையில் பழைய தோட்ட வீடுகளில் எஞ்சியிருப்பவற்றிலும் காணலாம். வெயிலை நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடுவது என்ற ஏற்பாடு நம் சீதோஷ்ணத்துக்கு மிகவும் உகந்தது. வெட்டிவேர்த் தட்டியும் மூங்கில் தட்டியும் செய்த வேலையைத்தான் இவையும் சற்று அந்தஸ்தோடு செய்கின்றன.

வாங்குவதற்கு முன் யாரும் போட்டுப் பார்க்காத ஒரு கணக்கு உண்டு. 4 அடி அகலமும் 5 அடி உயரமும் உள்ள ஒரு சாதாரண ஜன்னலுக்கு, 2 அங்குல அகலமுள்ள பட்டிகளால் திரை போட்டால், ஏறத்தாழ 34 பட்டிகள் தேவைப்படும். ஜன்னலின் பரப்பு 20 சதுர அடி. பட்டிகளின் இரு முகங்களையும் சேர்த்துத் துடைக்க வேண்டிய பரப்போ சுமார் 45 சதுர அடி. செங்குத்தாகத் தொங்கும் துணித்திரையில் தூசி ஒட்டினால்தான் உண்டு. படுக்கைவாட்டில் கிடக்கும் பட்டியிலோ தூசி இறங்கி உட்காருகிறது. மூன்று ஜன்னலுள்ள ஒரு கூடத்துக்கு இந்தத் திரையை வாங்குகிறவர், நூற்றுச் சொச்சம் சின்னஞ்சிறு அலமாரித் தட்டுகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். அழகு பார்த்து வாங்கியது யாராயிருந்தாலும், துடைப்பது பெரும்பாலும் வேறொருவர், அதாவது வீட்டுப் பெண்ணோ, மாதச் சம்பளத்துக்கு வருகிற அம்மாளோ ஆவார் என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டுவது அவசியம். பெருக்கி மெழுகிப் பாத்திரம் துலக்குவதற்கென்று பேசிய சம்பளத்தில், நூறு பட்டிகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்துத் தரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. திரையை விரும்பி வாங்கியவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்மணி நேரம் துணியைத் தம் கையில் எடுப்பாரேயானால், அடுத்த அறைக்கு எத்தகைய திரை வாங்குவது என்ற விஷயத்தில் அவருக்கு விவேகம் தானே வந்துவிடும்.

இனி மரத்தின் சுபாவத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஏனென்றால், அதை அறிந்துகொண்டவருக்குச் சுத்தம் செய்யும் முறையைத் தனியாக உபதேசிக்க வேண்டியதில்லை. வெட்டி, அறுத்து, இழைத்து, வர்ணம் பூசி, ஜன்னலில் தொங்கவிட்ட பின்னரும் மரம் தன்னைச் சூழ்ந்துள்ள காற்றிலிருந்து ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 80 ஆக இருக்கும்போது, மரத்தின் உள்ளீரம் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 16 அளவில் நிலைபெறும். குளிர்சாதனம் ஓடுகிற அறையில் காற்றின் ஈரம் 50-க்கு இறங்கினால், மரத்தின் ஈரமும் 9 வரை இறங்கப் பார்க்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் பட்டியின் நீளம் அநேகமாக மாறுவதே இல்லை, அகலம் மாறுகிறது. இந்தத் திரைகளுக்கு வெளிநாட்டில் அதிகமாக உபயோகமாகும் பாஸ்வுட் மரத்தில், 2 அங்குலப் பட்டி ஒன்று இந்த மாற்றத்தினால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அகன்று சுருங்கக்கூடும். தேக்கு இதைவிட வெகு நிதானமானது. அதன் மதிப்புக்கு அதுவும் ஒரு காரணம். காற்றின் ஈரத்துக்கே இவ்வளவு அசைந்து கொடுக்கிற வஸ்துவைக் கழற்றிக் கொண்டுபோய்க் குளியலறையில் வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மரம் உப்புகிறது, மேலே பூசிய வார்னிஷோ பெயிண்டோ அதற்கு ஈடுகொடுத்து விரிய மாட்டாமல் மயிரிழை மயிரிழையாக வெடிக்கிறது, அந்த வெடிப்புகளின் வழியே அடுத்த முறை தண்ணீர் இன்னும் சுலபமாக இறங்குகிறது. ஒரு முகம் நனைந்து மறுமுகம் நனையாமலிருந்தால் பட்டி குழிந்துகொள்ளும். வெயிலில் சாய்த்து வைத்து அவசரமாகக் காயவைத்தால் முறுக்கிக்கொள்ளும். கோணிப்போன பட்டியைத் திரும்ப நிமிர்த்துவது எந்த ஆசாரிக்கும் எளிதன்று. அலுமினியப் பட்டித் திரைக்குச் சொன்ன ஸ்நானத்தை மரத்துக்கும் செய்விப்பவர்கள், இரண்டும் ஒரே கடையில் ஒரே ஆணியில் தொங்கியதைத் தவிர வேறு சம்பந்தம் எதையும் கண்டிருக்க முடியாது.

ஆகையால் மரப்பட்டிக்கு உலர்ந்த சுத்தமே சுத்தம். வாரத்துக்கு ஒரு முறை, பட்டிகளை முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்த்து மூடி, மேற்பட்டியிலிருந்து தொடங்கி, மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே துடைத்துக்கொண்டு இறங்கி, பிறகு மறுபக்கமாகச் சாய்த்து மறுபடியும் மேலிருந்து இறங்க வேண்டும். கீழிருந்து மேலே போகிறவர் ஒரே தூசியை இரண்டு தடவை துடைக்கிறார். இதற்கு ஏற்ற துணி எது என்று கேட்டால், கடையில் வண்ண வண்ணமாக விற்கும் நுண்ணிழைத் துணிகளும் நல்லவையே என்றாலும், திருப்பூர் ஆலைகளில் கழிந்து, பட்டறைகளிலும் அச்சகங்களிலும் எண்ணெய் துடைக்க மூட்டை மூட்டையாகப் போகிற பருத்திப் பனியன் துணிக்கு ஈடாக ஒன்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது மிருதுவானது, தூசியைத் தள்ளாமல் பிடித்துக்கொள்ளும், சிராயில் சிக்கினால் பட்டியைப் பெயர்க்காமல் தானே கிழிந்துகொள்ளும். கிழிந்த பனியன் இல்லாத வீடும் நம்மிடையே இல்லை. பழைய காலுறையைக் கைக்கு மாட்டிக்கொண்டு, விரல்களுக்கு நடுவே பட்டியை வைத்து இழுத்தால் இரு முகமும் ஒரே இழுப்பில் சுத்தமாகும். சாய்பலகைக் கதவுகளில் பலகையும் சட்டமும் கூடுகிற மூலைகளுக்குத் துணி எட்டாது. அங்கே பெயிண்ட்டர்கள் உபயோகிக்கும் 2 அங்குலத் தூரிகை, உலர்ந்ததாக, போதும்.

துணியும் தூரிகையும் போதாத அழுக்குகள் சில உண்டு. நம் ஊரில் அவற்றுள் முதன்மையானது பல்லி எச்சம். ஈரத் துணியால் அதை உடனே தேய்ப்பவர், சிறியதொரு கறையைப் பெரியதொரு கறையாக்குகிறார். நன்றாகக் காயவிட்டு, மூங்கில் சீவலாலோ காலாவதியான வங்கி அட்டையின் விளிம்பாலோ தெறித்தெடுத்த பின், பிழிந்த துணியால் ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் சுவடு தெரியாது. இரண்டாவது, அடுக்களையின் எண்ணெய்ப் பிசுக்கு. தாளிக்கும்போது எழுகிற எண்ணெய்ப் புகை பட்டியில் படிந்து, தூசியுடன் கலந்து, நாளடைவில் தானே ஒரு கெட்டிப் படலமாக இறுகிவிடுகிறது. இதற்கு வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பை இரண்டொரு சொட்டுக் கலந்து, துணியை நனைத்து, சொட்டுத் தண்ணீரும் சிந்தாதபடி பிழிந்து, பட்டி பட்டியாகத் துடைத்து, ஈரம் உள்ளே இறங்குவதற்கு முன் உலர்ந்த துணியால் தொடர வேண்டும். அடுக்களைக்கு மரப்பட்டித் திரையே வேண்டாம் என்று சொல்லத்தான் எனக்கு விருப்பம். ஆயினும் மாட்டியாகிவிட்டவர்களுக்கு வேறு வழியில்லை.

கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தை ஜன்னலோடு ஜன்னலாகப் பட்டியின்மேலும் பீச்சிவிடுகிற பழக்கம் மிகவும் விபரீதமானது. நம் தச்சர்கள் பரம்பரையாகச் செய்துவந்த பாலிஷ், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் தடவித் தடவி ஏற்றியது; எந்த ஸ்பிரிட்டில் கரைந்து வந்ததோ அதிலேயே அது திரும்பவும் கரைந்துவிடும்; அம்மோனியா, சலவைச் சோடா ஆகிய காரங்களுக்கும் அது தாங்காது. தம் வீட்டுப் பட்டியில் இருப்பது அரக்கு பாலிஷா, இக்காலத்துப் பாலியூரித்தேன் பூச்சா என்று அறிய விரும்புகிறவர், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் ஸ்பிரிட்டை ஒரு சொட்டு வைத்துப் பார்க்கலாம். சற்று நேரத்தில் விரலில் பிசுபிசுத்தால் அரக்கு. ஒன்றும் ஆகாவிட்டால் மற்றது.

தேங்காய் எண்ணெயைப் பற்றி எழுதினால் பல வீடுகளில் எனக்கு விரோதம் ஏற்படும் என்று தெரிந்தே எழுதுகிறேன். மரம் மங்கிவிட்டது என்று கண்டதும் ஒரு கரண்டித் தேங்காய் எண்ணெயைத் துணியில் ஊற்றித் தடவுவது நமது பழக்கம். அன்று மாலை பார்த்தால் மரம் பளபளவென்று இருப்பதும் வாஸ்தவமே. ஆனால் எண்ணெய்களில் காற்றுப்பட்டுக் கெட்டியாகிப் படலமாகும் ஜாதியும் உண்டு, எத்தனை நாளானாலும் எண்ணெயாகவே இருக்கும் ஜாதியும் உண்டு. ஆளிவிதை எண்ணெய் முதல் ஜாதி. தேங்காய் எண்ணெய் இரண்டாவது. அது காயாது, கெட்டுச் சிக்கு நாற்றம் எடுக்கும், அதற்குள்ளாகத் தெருப் புழுதியில் தனக்கு வேண்டியதையெல்லாம் சேர்த்துக்கொண்டுவிடும். ஆளிவிதை எண்ணெயை டர்பென்டைனில் கலந்து மெல்லிசாகப் பூசித் துடைத்தெடுப்பது தேக்குக்கு உத்தமமான பராமரிப்பு. அதையும் இரண்டு முகத்திலும் சமமாகப் பூச வேண்டும். ஒரு முகத்தை மட்டும் பூசினால், முன்னே சொன்னபடி, ஈரம் ஒரு பக்கமாகவே போய் வந்து பலகை குழியும். இதில் ஓர் அபாயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது உஷ்ணத்தை உண்டாக்குகிறது. அந்த எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அந்த உஷ்ணம் வெளியேற வழியின்றி, யாரும் தீ வைக்காமலே அவை பற்றிக்கொள்ளக்கூடும். தச்சுப் பட்டறைகளில் இப்படித் தீப்பிடிப்பது உலகமெங்கும் அறிந்த சங்கதி. துணியை வெளியில் விரித்துக் காயவைக்க வேண்டும். அல்லது தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும்.

பழைய சாய்பலகை ஜன்னல்களுக்கு வருகிற ஆபத்து தண்ணீரைவிடப் பெயிண்டினால் அதிகம். விசேஷத்துக்கு விசேஷம், கல்யாணத்துக்குக் கல்யாணம், சுரண்டாமலே ஒரு கோட்டிங் எனாமல் ஏற்றிக்கொண்டே போனதில், பலகைகளின் விளிம்புகள் ஒன்றோடொன்றும் சட்டத்தோடும் ஒட்டிக்கொண்டு, சாய்க்கும் கோல் வெறும் அலங்காரமாகிவிட்ட ஜன்னல்கள் ஏராளம். திறக்க முடியாமையால் அது பிரயோஜனமற்றது என்ற தீர்மானத்துக்கு வந்து, அதைப் பெயர்த்துவிட்டு வழுக்கி நகரும் கண்ணாடி ஜன்னல் போடுகிறார்கள். நோய் மரத்தில் அன்று, மேலேயுள்ள பூச்சில். அதை எடுத்துவிட்டால் அறுபது, எழுபது வருஷத்துத் தேக்கு புதிதாக நிற்கும். ஆனால் எடுக்கும் விதத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பழங்காலத்துப் பெயிண்ட்டில் ஈயம் தாராளமாக இருந்தது. வீட்டு உபயோகப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக்கூடாது என்று மத்திய அரசாங்கம் 2016-இல் விதி செய்து, 2017 நவம்பர் முதல் அது அமலுக்கு வந்தது. ஆகவே, அதற்கு முன் பூசிய எந்தப் பூச்சையும் ஈயமுள்ளது என்றே கருதிக்கொள்வதுதான் விவேகம். அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் எழுகிற பொடியும், தீச்சுடர் காட்டி உரித்தால் எழுகிற புகையும் மூச்சிலும் தரையிலும் தவழ்கிற குழந்தையின் கையிலும் சேரும். ஈயத்தில் இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு ஒன்று அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலை. நீரில் நனைக்கும் உப்புத்தாளால் ஈரமாகவே தேய்ப்பது, கீழே விரித்த விரிப்போடு பொடியைச் சுருட்டி எடுத்துவிடுவது, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் அனுப்பாமலிருப்பது, வேலை செய்கிற ஆசாரிக்கும் பெயிண்ட்டருக்கும் முகமூடி வாங்கிக் கொடுப்பது ஆகிய இவ்வளவும் வீட்டுக்காரருடைய பொறுப்பு. மரத்துக்குத் தண்ணீர் ஆகாது என்று சொல்லிவிட்டு இங்கே ஈரத்தைச் சிபாரிசு செய்வது முரணாகத் தோன்றலாம். உயிருக்கும் மரத்துக்கும் போட்டி வருகிற இடத்தில் மரம் சற்று விட்டுக்கொடுக்கட்டும். பிறகு நிழலில் காயவைத்துக்கொள்ளலாம்.

இதே காரணத்தைக் கொண்டுதான், பழைய ஜன்னற்சட்டங்களையும் உடைந்த பட்டிகளையும் போகித் தீயில் போடுவதை நான் ஆட்சேபிக்கிறேன். ‘பழையன கழிதல்’ என்பதற்கு, ஈயப் பூச்சோடும் பிளாஸ்டிக்கோடும் கொளுத்தி, விடியற்காலைப் பனியில் அந்தப் புகையைத் தெருவார் அனைவரும் சுவாசிக்கும்படி செய்வது என்று எந்த முன்னோரும் அர்த்தம் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆனால் பண்டிகைகளின் காலக்கிரமத்தை நான் குறை சொல்ல வரவில்லை. அது இந்த விஷயத்தில் நமக்கு மிகவும் அனுகூலமாகவே அமைந்திருக்கிறது. ஆயுத பூஜை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னே வருகிறது; போகி அந்த மழை ஓய்ந்த பின்னே வருகிறது. ஆகவே ஆயுத பூஜைக்கு ஜன்னலில் செய்ய வேண்டியது சோதனை: கீல்களுக்கு எண்ணெய் விடுதல், தாழ்ப்பாளை முடுக்குதல், பலகைகளின் வெட்டுமுனைகளில் பூச்சு விட்டுப்போயிருந்தால் அடைத்தல். இந்த வெட்டுமுனை விஷயத்தை எந்தப் பெயிண்ட்டரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் மரம் உயிரோடிருந்தபோது நீர் ஏறிய குழல்கள் வாய்திறந்திருப்பது அங்கேதான். முகங்களின் வழியாகப் புகுவதைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு விரைவாக மழை அந்த வழியே உள்ளே போகிறது. ஜன்னற்கதவின் அடிச்சட்டம் முதலில் உளுத்துப்போவதன் ரகசியம் இதுவே. பெரிய வேலைகளான சுரண்டுதல், மக்கு வைத்தல், பாலிஷ் ஏற்றுதல் முதலியவற்றைப் போகிக்குப் பிந்திய தை, மாசி மாதங்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்து ஈரம் மரத்தை விட்டு இறங்கியிருக்கும். கோடையின் உக்கிரமும் தொடங்கியிராது. ஐப்பசியில் ஈரத்தோடு பெயிண்ட் அடித்து அந்த ஈரத்தை உள்ளேயே சிறைவைத்து, பங்குனியில் பூச்சு கொப்புளித்ததும் பெயிண்ட் கம்பெனியைத் திட்டுவதில் லாபமில்லை. மழை மாதங்களில் உள்பக்கத்துப் பட்டித் திரைகளைக் குளிர்ந்த கண்ணாடியோடு ஒட்டி எந்நேரமும் மூடி வைக்காமல், பட்டிகளைச் சற்றுத் திறந்து காற்றாட விட்டால், பூஞ்சை பிடிப்பது வெகுவாகக் குறையும்.

கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. புதுச்சேரியிலும் சென்னையின் கிழக்கோரத்திலும் காற்றோடு வருகிற உப்பு, ஜன்னல் மரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது. காற்றின் ஈரம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டியதும் அந்த உப்பு தானே நீர்த்து, மரத்தை ஓயாமல் நசநசவென்று வைத்திருக்கிறது. இரும்புத் திருகும் இரும்புக் கொக்கியும் அதில் துருப்பிடித்து, துரு பருத்து, மரத்தைப் பிளக்கின்றன. கடலோரத்து வேலைக்குப் பித்தளைத் திருகு போட வேண்டும் என்பது பழைய தச்சர்களுக்குப் பாலபாடம். இன்று திருகின் விலையில் மிச்சம் பிடித்து, ஜன்னலை இழக்கிறோம்.

இவ்வளவு தொந்தரவு எதற்கு, பி.வி.சி. பட்டியும் கண்ணாடி ஜன்னலும் போட்டுவிட்டால் தீர்ந்ததே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் பட்டியைத் தாராளமாக நனைக்கலாம் என்பது உண்மையே; குளியலறைக்கும் அடுக்களைக்கும் அதுவே ஏற்றது என்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மரத்தைவிடக் கனமானது. மேற்குப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால், சித்திரை வெயிலில், அகன்ற ஜன்னல்களில் அது நடுவே தொய்வதும் உண்டு. மங்கினாலும் உடைந்தாலும் அதற்கு இழைப்பும் இல்லை, பாலிஷும் இல்லை, குப்பைத் தொட்டி ஒன்றே உண்டு. இதைக் காட்டிலும் முக்கியமான விஷயம் வெயிலைப் பற்றியது. கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெயில் உள்ளே தொங்கும் திரையில் பட்டு உஷ்ணமாக மாறினால், அந்த உஷ்ணத்தில் பெரும்பகுதி அறையிலேயே தங்கிவிடுகிறது. கண்ணாடிக்கு வெளியிலேயே வெயிலைத் தடுக்கிற சாய்பலகைக் கதவோ, அதை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறது. குளிர்சாதனக் கட்டணத்தைப் பற்றி மாதந்தோறும் பெருமூச்சு விடுகிறவர்கள், தம் தாத்தா வைத்த வெளிப்பக்கத்து மர ஜன்னலைப் பெயர்த்தெறிந்துவிட்டு, உட்பக்கத்துத் திரைக்குப் பணம் செலவழிப்பது விசித்திரமான சிக்கனம். புதுச்சேரியில் வைசியாள் வீதியின் பழைய முகப்புகளை, ஐரோப்பிய உதவியோடு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சீர்திருத்தினார்கள். அந்த வேலை தெருவின் அழகுக்காக நடந்தது என்றே பலர் எண்ணுகிறார்கள். அந்த முகப்புகளின் ஜன்னல்களுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு வைகாசிப் பிற்பகலைக் கழித்தவர்கள் அப்படி எண்ண மாட்டார்கள்.

திரைக் கயிறுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. வருஷக்கணக்கில் இழுபட்ட தூக்குக் கயிறு, மேலே பூட்டு இருக்குமிடத்தில் தேய்ந்து பிசிறு விடும். அது அறுமுன் மாற்றிவிடுவது ஒரு மணி நேர வேலை. அறுந்து பட்டிகளெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்த பிறகு மாற்றுவது ஒரு நாள் வேலை. இதைவிட முக்கியமானது, அந்தக் கயிற்றின் வளையம் சிறு குழந்தைகளின் கழுத்தில் மாட்டி உயிருக்கே அபாயம் விளைந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பல நிகழ்ந்திருக்கின்றன என்பது. அமெரிக்காவில் கடையில் தயாராக விற்கும் திரைகளுக்குத் தொங்கு கயிறே இருக்கலாகாது, இருந்தாலும் கைக்கு எட்டலாகாது என்ற தரவிதி 2018 டிசம்பரில் அமலுக்கு வந்ததும், ஐரோப்பாவில் 2014-இல் விதிகள் கடுமையானதும் அதனால்தான். குழந்தையுள்ள வீட்டில் கயிற்றின் முனைகள் சேர்ந்து வளையமாகாதபடி வெட்டிப் பிரித்து, ஆள் உயரத்தில் சுவரில் அடித்த கொம்பில் சுற்றிவைக்க வேண்டும். தொட்டிலையும் கட்டிலையும் அந்த ஜன்னலுக்குக் கீழே போடவே கூடாது. கயிறில்லாத திரை கிடைக்கிறபோது சற்று விலை கூடினாலும் அதையே வாங்குவது நல்லது. கடைக்காரரிடம் கேட்டு வற்புறுத்தினாலன்றி அவரும் வரவழைத்து வைக்க மாட்டார்.

கடைசியாக, பட்டியைத் துடைக்கிறபோது ஜன்னற்படியில் மாவு போன்ற பொடி மறுபடி மறுபடி உதிர்ந்து கிடந்தால், அது தெருப் புழுதி அன்று. பட்டியில் குண்டூசித் தலையளவு துளைகள் தென்படுகின்றனவா என்று உடனே பார்க்க வேண்டும். தென்பட்டால், மரத்தின் வெளிறிய பகுதியிலுள்ள மாவுச்சத்தைத் தின்கிற வண்டின் புழு உள்ளே குடியிருக்கிறது. மூங்கில் தட்டியில் இது இன்னும் அதிகம். மூங்கிலைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டுப் பின்பு பிளக்கிற பழைய வழக்கம், அந்தச் சத்தைக் கரைத்து வெளியேற்றுவதற்காக ஏற்பட்டதே. ஒரு பட்டியில் கண்டால் அதைத் தாமதமின்றிக் கழற்றி வீட்டை விட்டு வெளியேற்றிவிட்டு, அக்கம்பக்கத்துப் பட்டிகளைச் சில வாரங்கள் கவனித்து வர வேண்டும். ஒரு பட்டிக்காக முழுத் திரையையும் மாற்றச் சொல்லுகிற கடைக்காரரின் பேச்சை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வாங்கும்போதே இரண்டு மூன்று உதிரிப் பட்டிகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதைக் கொடுக்காத கடையில் வாங்காமலிருப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. அப்படி வாங்கியிராதவர்களும் ஏமாந்துபோகத் தேவையில்லை. தயாராக வாங்கிய திரைகள் அநேகமாக ஜன்னலின் உயரத்தைவிடச் சற்று நீளமாகவே இருக்கும். மிகுதியான பட்டிகள் நாலைந்து, அடிச்சட்டத்தின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வேலையின்றி அடுக்காகக் கிடக்கும். அடிச்சட்டத்தின் கீழேயுள்ள குமிழ்களைப் பெயர்த்து, கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, அந்த மிகுதிப் பட்டிகளில் ஒன்றை உருவி, போன பட்டியின் இடத்தில் செருகி, கயிற்றை மறுபடியும் கோத்து முடிந்துவிட்டால் திரை முன்போலவே தொங்கும்.